படம் காட்டுகிறவர்களுக்கு ஒரு கோளாறு கையேடு

‘ரொம்பப் படம் காட்டாதே’ என்று எங்கள் பக்கம் யாராவது சொன்னால் அது திட்டு. வரைகிறவர்கள் பாடு என்னவென்றால், நாம் நிஜமாகவே படம் காட்டித்தான் ஆக வேண்டும். வரைந்து வரைந்து பீரோவுக்கு அடியில் தள்ளினால் கரையான்தான் ரசிக்கும். பென்சில் பிடிக்கச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. காட்டிய பிறகு வரும் பதிலை, வராத பதிலை, குத்தலான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை.

எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, பேட்டர்ன் வெட்டும் பிரிவு. வீடு வேலூர் சத்துவாச்சாரி. தைத்து முடித்த ஷூ எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் போகும். குறை இருந்தால் செக்கர் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். பசை வழிந்த இடம், தையல் ஒதுங்கிய இடம், நூல் பிசிறிய இடம். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே கை வைத்தால் போதும். ‘இந்த ஷூ எனக்கு என்னமோ பிடிக்கலை’ என்று சொல்லி எந்த ஷூவும் திரும்பி வந்ததில்லை.

படத்துக்கு வரும் பேச்சையும் நான் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். ஒருவர் சொன்னதை வைத்துப் படத்தின் மேல் ஓர் அம்பு ஒட்ட முடியுமா? முடிந்தால் அது குறை, திருத்தலாம். முடியவில்லை என்றால் படத்தில் கை வைக்காதீர்கள், முதலில் வெளியே தேடுங்கள். போட்டோ எப்படி எடுத்தீர்கள், யாருக்குக் காட்டினீர்கள், எந்த நேரத்தில், என்ன கேட்டுக் காட்டினீர்கள்? என் விஷயத்தில் பாதிக்கு மேல் கோளாறு இந்த நாலில்தான் இருந்தது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அதை மட்டும் படித்தாலும் போதும்.

அறிகுறி: குரூப்பில் போட்டேன், நீல டிக் விழுந்தது, யாரும் வாய் திறக்கவில்லை

முதலில் போட்டோவைப் பாருங்கள். நீங்கள் படத்தை மேசையில் வைத்து முழுசாகப் பார்த்தவர். அவர்கள் உள்ளங்கை அகலத் திரையில், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அதில் தாள் சாம்பல் நிறமாகவும் கோடுகள் மங்கலாகவும் இருந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

தாள் சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் கேமராவின் பழக்கம். எதிரே இருப்பது முழுக்க வெள்ளை என்று அதற்குத் தெரியாது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். திரையில் தாளின் மேல் ஒருமுறை தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றி எடுங்கள். அடுத்தது பென்சில் மினுமினுப்பு. 6பி பென்சிலால் அழுத்திக் கருக்கிய இடம் டியூப்லைட்டுக்கு நேர் கீழே வெள்ளையாகப் பளபளக்கும். எதை ஆழமான நிழல் என்று போட்டீர்களோ அதுவே போட்டோவில் வழுக்கையாகிவிடும். பிளாஷ் வேண்டாம். ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வையுங்கள். வெளிச்சம்தானே என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலூர் வெயிலில் தாளின் நார் நாராகத் தெரியும், கூடவே உங்கள் தலை நிழலும் விழும். காலை எட்டு மணிக்குத் திண்ணை நிழல், அதுதான் எங்கள் ஊருக்குச் சரி.

போனைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓரக்கோடுகள் வளையும். இரண்டடி தள்ளி நின்று, ஜூம் செய்து, தாளுக்கு நேராகப் பிடித்து எடுங்கள். பின்னால் தெரியும் பெட்ஷீட் பூவை வெட்டிவிடுங்கள். நிஜமாகவே உற்றுப் பார்க்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தால், அவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருங்கிப் போகும். மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும்.

போட்டோ சரி என்றால் அடுத்தது நேரம். எங்கள் குடும்ப குரூப்பில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை ரோஜாப்பூ வணக்கமும் வள்ளிமலை முருகனும் வந்து குவியும். அந்த வெள்ளத்தில் ஒருமுறை என் படத்தை விட்டேன். மாமா ஒருவர் பழக்கதோஷத்தில் அதற்கும் ‘காலை வணக்கம்’ போட்டார். அது ஒன்றுதான் வந்த பதில்.

மூன்றாவது, என்ன கேட்டீர்கள்? வெறும் படத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்பது, வாசலில் வந்து நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் இருப்பது மாதிரி. பாதிப்பேர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் பிடிக்காதது அல்ல. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற கூச்சம். பத்துப் பேருக்கு அனுப்பாமல் ஒருவருக்கு அனுப்புங்கள், ஒரே ஒரு கேள்வியோடு. ‘இதுல எந்த ஆள் ரொம்ப தூரத்துல நிக்கற மாதிரி தெரியுது?’ என்று என் தங்கையிடம் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. நான் நினைத்த ஆளைச் சொல்லவில்லை என்பது வேறு கதை.

இவ்வளவும் பார்த்த பிறகும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மௌனத்தில் அம்பு ஒட்ட இடமில்லை.

அறிகுறி: எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை

இது கோளாறே இல்லை. ‘சாப்ட்டியா’ என்று கேட்பது மாதிரி ஒரு மரியாதை. நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ‘எது சூப்பர், ஏன் சூப்பர்’ என்று தோண்டினால் அடுத்தமுறை அந்தச் சூப்பரும் வராது.

விவரம் வேண்டும் என்றால் வேறு வழி உண்டு. விமர்சனம் சொல்லத் தெரியாதவர்களுக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியும். ஒரே காட்சியை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டி ‘எது?’ என்று கேளுங்கள். அல்லது படத்தை ஐந்து எண்ணும் வரை காட்டிவிட்டு மூடி, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஒருமுறை மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் விற்கிற அம்மாவை வரைந்து ஆயாவிடம் இப்படிக் காட்டினேன். ஆயா சொன்னது ஒரே வார்த்தை: ‘தராசு.’ அந்த அம்மாவின் முகத்துக்கு மூன்று நாள் உழைத்திருந்தேன். திரும்பப் பார்த்தால், படத்திலேயே அதிகக் கறுப்பும் அதிக வெளுப்பும் ஒட்டி நின்ற இடம் தராசுத் தட்டுதான். கண் அங்கேதான் ஓடும். தட்டுக்கு அடியில் இருந்த நிழலை ரப்பரால் ஒத்தி எடுத்தேன், முகம் முன்னால் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஒட்டிய அம்பு அது.

அறிகுறி: ‘இது யாரு?’

முகம் வரைகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் இதைக் கேட்டிருப்பார்கள். எனக்கு என் அத்தையிடம் நடந்தது. அவர் பிறந்தநாளுக்கு ரகசியமாக வரைந்து, பிரேம் போட்டு, கேக் வெட்டும்போது எல்லார் எதிரிலும் நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். ‘யாருடா இது, உங்க ஆயாவா?’ வீடே சிரித்தது.

அந்த நிமிடத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: விளக்கம் சொல்வது. லென்ஸ், வெளிச்சம், கோணம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல ‘உங்க மூஞ்சி அப்படித்தான்’ என்று சொல்வது மாதிரியே கேட்கும். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ‘இன்னொண்ணு போடறேன் அத்தை’ என்று படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சோதனையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு.

இதில் அம்பு உண்டு, ஒளிந்திருக்கும். நான் தேடுகிற வரிசை இது.

எந்தப் போட்டோவைப் பார்த்து வரைந்தீர்கள்? கையை நீட்டி எடுத்த செல்பி என்றால் அங்கேயே கோளாறு. ஒரு கை தூரத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். அதை அச்சுப்பிசகாமல் வரைந்தால் அச்சுப்பிசகாத தப்புதான் கிடைக்கும். ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த போட்டோ வேண்டும்.

அடுத்தது கண் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். உச்சந்தலையிலிருந்து தாடை நுனி வரை அளந்தால் கண் ஏறக்குறைய நட்டநடுவில் வரும். நம்மில் பலர் அதைவிட மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். நெற்றியும் முடியும் வரைய ஒன்றுமில்லாத காலி இடமாகத் தோன்றுவதால் அதைச் சுருக்கிவிடுகிறோம், மண்டை பாதி காணாமல் போகிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற இடம் இருக்க வேண்டும் என்பதையும் கூடவே பாருங்கள்.

கண் சரி என்றால் சுருக்கத்துக்கு வாருங்கள். அத்தையை ஆயாவாக்கியது இதுதான். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பை நான் கூர்மையான ஒரே கோடாகப் போட்டிருந்தேன். நிஜ முகத்தில் அங்கே கோடு கிடையாது. ஒரு பக்கம் மெதுவாகக் கரைந்துபோகிற நிழல்தான் உண்டு. கோடு போட்டால் பத்து வயது கூடும். பல்லும் அப்படியே. ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே கோடு கிழிக்காதீர்கள். மொத்தமாக ஒரு வெள்ளைப் பட்டையாக விட்டு, வாயின் இரண்டு ஓரத்தையும் இருட்டினால் சிரிப்பு வந்துவிடும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் படத்தையும் போட்டோவையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், அல்லது கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். அதுவரை கண்ணுக்குத் தட்டாத கோணல் உடனே துருத்திக்கொண்டு நிற்கும்.

இதெல்லாம் திருத்தி இரண்டாவது படத்தை வரைந்தேன். மாமா, பெரிப்பா, அத்தையின் மருமகள் எல்லாரும் ‘அப்படியே இருக்கு’ என்றார்கள். அத்தை மட்டும் ‘என்னமோ மாதிரி இருக்குடா’ என்றார். சுற்றி இருப்பவர்கள் ஒட்டுகிறது என்று சொல்லி, வரையப்பட்டவர் மட்டும் ஒட்டவில்லை என்றால், காரணம் கண்ணாடி. அவருக்குத் தன் முகம் தெரிந்தது தினமும் கண்ணாடியில் பார்த்துத்தான். அதில் வகிடு அந்தப் பக்கம், மச்சம் அந்தப் பக்கம். நாம் வரைந்ததோ ஊர் பார்க்கிற முகம். படத்தைப் போனில் எடுத்து இடம் வலமாகத் திருப்பி அத்தையிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘இப்ப பரவால்ல’ என்றார். சுவரில் மாட்டியிருப்பது திருப்பாத படம்தான். இன்றைக்கும் அதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார், ஆனால் கழற்ற விடமாட்டார்.

அதற்கப்புறம் முகம் வரைந்தால், அந்த முகத்தைத் தினமும் பார்க்கிற இரண்டு பேரிடம் முதலில் காட்டுகிறேன். முகத்துக்குச் சொந்தக்காரர் கடைசி.

அறிகுறி: ‘டிரேஸ் எடுத்ததா? ஏஐ போட்டதா?’

கோபம் வரும், வரட்டும். உள்ளே ஒரு பாராட்டும் இருக்கிறது என்று தேற்றிக்கொள்ளலாம். வாதாடுவதில் பயனில்லை, வரைந்தவன் சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? வரையும்போதே நாலு கட்டத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: வெறும் கோடு, முதல் நிழல், பாதி, முடிவு. கேட்டவருக்கு அந்த நாலையும் ஒரு வார்த்தை இல்லாமல் அனுப்புங்கள். போட்டோவிலும் தாளிலும் சதுரக் கட்டம் கிழித்து, அதை வைத்து வரைந்திருந்தால் கட்டம் கிழித்தேன் என்று சொல்லிவிடுங்கள். அது ஒன்றும் திருட்டில்லை. சினிமா பேனர் வரைந்தவர்கள் அத்தனை பெரிய முகத்தை வேறு எப்படி ஏற்றினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அறிகுறி: வெளியே உட்கார்ந்து வரையும்போது பின்னால் வந்து நிற்கிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை கோட்டை அகழியோரம் நோட்டைத் திறந்தால், பத்து நிமிடத்தில் தோளுக்குப் பின்னால் மூச்சுக்காற்று கேட்கும். சின்னப்பிள்ளைகள் என்றால் சுலபம். பென்சிலையும் ஒரு தாளையும் கொடுத்தால் அவர்கள் வேலையில் அவர்கள் இறங்கிவிடுவார்கள். பெரியவர்கள்தான் கஷ்டம். மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று தன் ஊரையே பட்டியல் போட்டுக் குறை சொல்லிக்கொள்கிற ஊர் எங்களுடையது. உங்கள் நோட்டை மட்டும் விட்டுவிடுமா? (கோட்டைக் கோயில் சாமியான ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பட்டியலை மட்டும் இன்னும் யாரும் திருத்தவில்லை.)

உங்களுக்குக் கூச்சம் தாங்கவில்லை என்றால் முதுகுக்குச் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். மதிலுக்கு முதுகைக் கொடுத்தால் பின்னால் நிற்க இடமிருக்காது. கூச்சம் இல்லையென்றால் அவர்களைப் பேச விடுங்கள். ‘கோபுரத்துல நிலையை எண்ணிப் பார்த்தியா தம்பி, ஒண்ணு குறையுதே’ என்று ஒரு பூக்காரம்மா என்னிடம் கேட்டார். எண்ணினேன், குறைந்தது. தினமும் அதற்கு எதிரில் உட்காருகிறவர் சொல்கிற குறைக்கு மேல் வேறு செக்கிங் இல்லை.

அறிகுறி: ஒருவர் குத்திக் காட்டிவிட்டார், இரண்டு நாளாகப் பென்சிலைத் தொடவில்லை

கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரையும் யாளியும் முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். அதில் ஒரு குதிரையை வரைந்து, வரைகிற சிலர் கூடும் இடத்தில் காட்டினேன். ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ‘அங்க குதிரை முன்னங்கால தூக்கிக்கினு நிக்குது தம்பி. உன் குதிரை சைக்கிள் ஓட்டுது.’

சிரிப்பு ஓயும்வரை கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எதுவும் பேசவில்லை, அது நல்லதாகப் போயிற்று. இந்த மாதிரி வார்த்தைக்குப் பதில் சொல்வதற்கு ஒரு ராத்திரியாவது கடக்க வேண்டும். மறுநாள் அந்த வார்த்தையின் முள்ளை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ‘சைக்கிள் ஓட்டுது’ என்றால் என்ன அர்த்தம்? பாரம் காலில் இல்லை, வேறெதன் மேலோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அம்பு பின்னங்காலில்.

அடுத்த ஞாயிறு தூணுக்கு முன்னால் போய் நின்றேன். சிற்பி பின்னங்குளம்பை வயிற்றுக்கு அடியில், உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். முன்பாதி மேலே எழும்பினால் மொத்தப் பாரமும் பின்னங்காலில் இறங்கும். அப்போது கால் உடம்புக்கு நேர் கீழே இருந்தால்தான் நிற்கும். நான் வால் பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். பின்னங்கால் இரண்டை மட்டும் அழித்துப் போட்டு, மாஸ்டரிடம் காட்டினேன். ‘ம், சைக்கிளை விட்டு எறங்கிடுச்சு’ என்றார்.

சொன்ன விதம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அம்பு இருக்கிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். ‘இன்னும் நல்லா பண்ணியிருக்கலாம்’ என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘எந்த இடத்துல ணா?’ இடம் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். சொல்லாமல் தோளைக் குலுக்கினால் பேச்சு முடிந்தது. ‘வேலவெட்டி இல்லாதவன்’ என்று சொல்கிறவருக்குக் கேள்வியே வேண்டாம், தாளில் அதற்கு ஸ்டிக்கர் ஒட்ட ஏது இடம்?

அறிகுறி: ‘என்னை எதுக்கு வரைஞ்ச?’

கம்பெனி விட்டு வரும் பஸ்ஸில் தூங்குகிறவர்களை வரைகிற பழக்கம் எனக்கு உண்டு. தூங்குகிறவர்கள் அசையமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. ஒருநாள் எதிர் சீட்டுப் பெண் கண் விழித்தார், நோட்டைப் பார்த்தார், அதில் தன்னைப் பார்த்தார். ‘என்னை எதுக்கு வரைஞ்சீங்க?’ சத்தமாகக் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

இந்த அறிகுறிக்கு படத்தில் எதையும் தேட வேண்டாம், கோளாறு நம்மிடம். அந்தத் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாரா, ஜன்னல் வழியாக விட்டாரா என்று பார்க்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். இப்போது பஸ்ஸில் முகம் வரைவதில்லை. கை, செருப்பு, மடியில் இருக்கிற டிபன் பை, பின்னந்தலை, இவை போதும். முகம் வேண்டும் என்றால் கேட்டுவிட்டு வரைகிறேன். கேட்டால் பலர் சரி என்கிறார்கள், கூடவே முடியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுகிறார்கள், அது ஒரு தொல்லை.

அறிகுறி: ‘எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு’

முதல் படம் நன்றாக வந்துவிட்டால் அடுத்து வரும் வியாதி இது. முடியாது என்று சொல்ல நாக்கு வராது, சரி என்று சொன்னால் கை நகராது. நான் இப்போது சொல்வது: ‘போடறேன் பா. கையில மூணு படம் இருக்கு, ரெண்டு மாசம் ஆவும், இவ்ளோ ஆவும்.’ மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சும்மா கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்கள், மனஸ்தாபம் இல்லாமல். தொகைக்கு என் கணக்கு எளிது. ஒரு முகத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து, கம்பெனியில் என் ஒரு மணி நேரக் கூலியால் பெருக்கி, தாளும் பிரேமும் சேர்த்துக்கொள்வேன். பாதி முன்பணம். முன்பணம் வாங்காமல் வரைந்த இரண்டு படம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, யாரோ ஒருவரின் மாமனாரும் யாரோ ஒருவரின் குழந்தையும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக் காசு கொடுத்து வரைந்த உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்குத்தான் போகும். வரைந்தவருக்கு இல்லை. அந்தப் படத்தைப் பின்னால் நாலு பேருக்குக் காட்டவோ அச்சடிக்கவோ ஆசை இருந்தால், பணம் வாங்கும் முன்பே அதை ஒரு வரி எழுதி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இறந்தவர் படம் கேட்டு வருகிறவர்கள் தனி. காரியத்துக்கு முன்னால் வேண்டும் என்பார்கள். கையில் இருப்பது ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவுப் போட்டோ. தேதி ஒத்துக்கொள்ளாதீர்கள், பதினாறாம் நாள் உங்களுக்காகத் தள்ளிப்போகாது. வெவ்வேறு வயதில் எடுத்த மூன்று போட்டோவாவது கேளுங்கள். எந்த முகம் ஞாபகத்தில் இருக்கிறது, மீசையோடா, கண்ணாடியோடா என்று கேளுங்கள். படத்தைக் கொடுத்த பிறகு அவர்கள் அழலாம், ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோய்விடலாம், ‘மூக்கு அப்படி இல்லை’ என்றும் சொல்லலாம். எதையும் விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கேட்காமல் அதை எங்கேயும் காட்டவும் வேண்டாம். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், தாள் சும்மா வருவதில்லை.

அறிகுறி: என் படம் வேறொருவர் பேனரில்

நான் வரைந்த வேலூர்க் கோட்டை ஒருநாள் காட்பாடி ரோட்டில் ஒரு கபடிப் போட்டி பேனரில், இரண்டு வீரர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. என் கையெழுத்து ஓரத்தில் இருந்ததால் வெட்டியிருந்தார்கள்.

சட்டம் உங்கள் பக்கம். சொந்தமாக வரைந்த படத்தின் உரிமை வரைந்ததுமே உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். ஆனால் முதலில் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரிஜினல் தாளை எடுத்துக்கொண்டு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். ‘நெட்ல கெடச்சிது ணா’ என்றான் பையன், நிஜமான ஆச்சரியத்தோடு. வரைந்தவன் என்று ஒருவன் நேரில் வந்து நிற்பான் என்று அவன் நினைத்ததே இல்லை போலிருக்கிறது. அடுத்த பேனரில் என் பெயரைப் போட்டான், எழுத்துப் பிழையோடு.

இப்போது கையெழுத்தை ஓரத்தில் போடுவதில்லை. படத்துக்கு உள்ளே, வெட்டினால் படமே கெட்டுப்போகிற இடத்தில், ஒரு கல்லின் நிழலிலோ படிக்கட்டின் விளிம்பிலோ போடுகிறேன். அனுப்புவதும் சின்ன அளவுதான், பேனர் அளவுக்கு இழுத்தால் உடைந்துபோகும். பெயர் போடுவது தற்பெருமை என்று கூச்சப்படுகிறவர்கள் அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடிக்கு ஒரு நடை போய் வரவும். பல்லவன் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து பெருமாளுக்குக் கோயில் எடுத்தான். கோயிலுக்கும் தன் பெயர், பக்கத்து ஏரிக்கும் தன் பெயர், ஊருக்கும் தன் பெயர். போதாததற்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் வேறு. நாம் ஓர் இஞ்சில் இனிஷியல் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அறிகுறி: ‘இதால இன்னா பிரயோஜனம்?’

நைனா கேட்பார், என் அப்பா. என்னிடம் வழி இல்லை. பதினைந்து வருடமாகக் கேட்கிறார், போன மாதமும் கேட்டார். கேட்டுவிட்டு, தன் டிவிஎஸ் வண்டியை வரையும்போது சைடு ஸ்டாண்டை விட்டுவிட்டேன் என்றார்.

அறிகுறி: காட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் நானே அழித்துவிடுகிறேன்

இந்த வியாதி எனக்கு நிறைய நாள் இருந்தது. போட்டவுடன் படத்தில் இருக்கிற எல்லாத் தப்பும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று விரல் துடிக்கும். தப்பு புதிதாக வரவில்லை. அதுவரை வரைந்தவன் கண்ணால் பார்த்தீர்கள், இப்போது வாங்குகிறவர் கண்ணால் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஆகவே அந்தக் கண்ணை முன்னாலேயே வரவழைக்க வேண்டும். படம் முடிந்ததும் அனுப்பாமல், சுவரில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டே கடந்து போகும்போது எது உறுத்துகிறதோ அதைத் திருத்திவிட்டு அப்புறம் அனுப்புங்கள். அனுப்பியபின் போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஏதாவது வேலை பாருங்கள், பாத்திரம் கழுவுவது உத்தமம், கை ஈரமாக இருந்தால் போனைத் தொட முடியாது. ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும். அந்த 24 மணி நேரம் பொறுத்தால் போதும்.

மார்ச் மாதம் ஒன்றில், மேம்பாலத்திலிருந்து பார்த்த பாலாற்றை வரைந்தேன். வெறும் மணல், நடுவில் ஒரு மாடு, தூரத்தில் யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். குடும்ப குரூப்பில் போட்டு நாலு நிமிடத்தில் அழித்தேன். கோபத்தில் தாளையும் கிழித்தேன். மூன்றாம் நாள் சித்தப்பா போன் செய்தார். ‘அந்த ஆத்துப் படம் எங்கடா? நான் சின்ன வயசுல அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவேன். உங்க சித்திகிட்ட காட்டலாம்னு தேடறேன், காணோம்.’

மறுபடி போட்டேன். மாடு வந்தது, சைக்கிளும் வந்தது. மணல் அந்த மாதிரி வரவில்லை.